செவ்வாய் கிரகத்து அண்டா

1. கவிழ்ந்த பக்கெட்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கலந்துவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. மாடல் செய்கிற வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். டீ வந்தாலும் சரி, ஓனர் வந்தாலும் சரி, கலந்ததை ஊற்றி முடித்த பிறகுதான் தலையைத் தூக்க வேண்டும். அப்படி ஒரு பக்கெட் நிறையக் கலந்து, நுரை அடங்கட்டும் என்று நான் கீழே வைத்த நேரத்தில்தான் நளினா மேடம் எங்கள் ஷெட்டுக்குள் முதன்முதலாக வந்தார். வந்தவர் நேராக நடந்து பக்கெட்டில் இடித்து, மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். வாய் முந்திக்கொண்டது. "ஏம்மா! இத்தாம் பெரிய பக்கெட்டு இருக்கு, கண்ணு தெரியல? ஊர்வலத்துல வர மாதிரி நேரா பாத்துக்கினு வர்றீங்களே!"

அவர் பதறவில்லை. புடவை ஓரத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டதைக் குனிந்து பார்த்தார். "ஸாரி. நேரா நல்லா தெரியுது. கீழயும் பக்கத்துலயும் தெரியாது. ரெட்டினால ப்ராப்ளம். ஒரு குழாய் வழியா பார்க்கிறேன்னு வெச்சுக்கோங்க" என்றார். மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர். பக்கத்து வீட்டுத் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே வரும். வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம், நாற்பதுக்கு மேல் இராது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடிப்போய்த் துணியை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எங்கள் பட்டறை ஈஜிபுராவில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். ஓனர் ஜெயராம் சார் கல்யாண மேடை, எக்ஸிபிஷன் ஸ்டால் என்று ஆரம்பித்து, பில்டர்களுக்கு அபார்ட்மெண்ட் மாடல், காலேஜ்களுக்கு இதயம், பல், டைனோசர் என்று வளர்ந்தவர். நான், பழனி, பொம்மசந்திராவில் ஒரு ஃபவுண்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் மரத்தில் அச்சு செய்துகொண்டிருந்தவன். என்னோடு தாஸ். கன்டோன்மெண்ட் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பங்களா சீலிங்குகளில் பிளாஸ்டர் பூ வேலை செய்த கை அது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் செய்ய முடியாத உருவம் இல்லை என்று எங்களுக்கு ஒரு திமிர் உண்டு.

மேடம் ஒரு காலேஜில் ஜியாலஜி சொல்லிக்கொடுப்பவர். ஊரில் ஒரு சயின்ஸ் மியூசியத்தில் கிரகங்களுக்கென்று புது கேலரி வரப்போகிறது, அதில் எரிமலைப் பகுதிக்கு அவர்தான் ஆலோசகர். பையிலிருந்து ஒரு பெரிய கறுப்பு வெள்ளை போட்டோவை எடுத்து மேசையில் விரித்தார். செவ்வாய் கிரகத்தைச் சுற்றிவந்த விண்கலம் மேலிருந்து எடுத்த படம். பெரிய வட்டம் ஒன்று, அதற்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் சின்ன வட்டங்கள். ஈரத் தரையில் டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்து எடுத்த தடம் போல இருந்தது.

"ஒலிம்பஸ் மான்ஸ். நமக்குத் தெரிஞ்ச எரிமலைகள்லயே பெரிய ஒண்ணு. இது அதோட உச்சி. இதுக்குப் பேரு கால்டெரா" என்றார்.

"அப்படின்னா?"

"அண்டா. ஸ்பெயின் பாஷையில அண்டாவுக்கு அந்தப் பேருதான்."

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் அண்டாதான்.

ஜெயராம் சாருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "மேடம், உள்ள ரெட் பல்பு வெக்கலாம். ஒரு ஸ்மோக் மெஷின் இருக்கு, கல்யாணத்துக்கு வாங்கினது. ஸ்விட்ச் போட்டா குபுகுபுன்னு வரும்!"

"பேடா சார், வேணாம். அது தூங்குது. எழுப்பாதீங்க" என்று மேடம் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். பார்க்க வேண்டுமென்றால் தலையை முழுசாகத் திருப்ப வேண்டும் அவருக்கு. "எனக்கு இது கேலரிக்கு மட்டும் இல்ல. பதினஞ்சு வருஷமா இந்தப் பள்ளங்களை போட்டோவில பார்த்துட்டு இருக்கேன். இன்னும் எவ்வளவு நாள் பார்ப்பேன்னு டாக்டருக்கே தெரியல. கண்ணு முழுசா போனதுக்கப்புறம் எனக்கு கை சொல்றதுதான் நிஜம். அதனால கை பொய் சொல்லக்கூடாது. தொட்டுப் பார்க்கிற மாதிரி செய்யணும், இருக்கிறது இருக்கிற மாதிரியே செய்யணும். ஆகுமா?"

வேலை கொடுக்க வந்தவர்கள் யாரும் அதுவரை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. "ஆகும் மேடம்" என்றேன்.

2. ராகி மாவு மலை

எனக்கும் தாஸுக்கும் எரிமலை என்றால் பட்டாசுப் பூச்சட்டிதான். மேலே வாய், உள்ளே நெருப்பு, வெடித்து வழியும். மேடம் அடுத்த தடவை வந்தபோது அந்த நினைப்பை உடைத்தார். பக்கத்துக் கடையிலிருந்து ராகி மாவு வாங்கிவரச் சொன்னார். ஓர் அலுமினியத் தாம்பாளத்தில் பலூனை ஊதி வைத்து, அதன் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, மேலே ராகி மாவைக் குவித்து ஒரு மலை செய்யச் சொன்னார். எங்கள் கைக்கு அது விளையாட்டு. அழகான மலை வந்தது. ராகியின் நிறமும் செவ்வாய்க்குப் பொருத்தமாக இருக்கிறது என்று மேடம் சொன்னார்.

"இப்ப காத்தை மெதுவா விடுங்க. நிதானமா, நிதானமா."

குழாயின் கிளிப்பைத் தளர்த்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மலையின் உச்சியில் ஒரு மெல்லிய விரிசல் வளைந்து ஓடியது. அதற்கு வெளியே இன்னொன்று. சத்தமே இல்லாமல் உச்சி அப்படியே உள்ளே இறங்கியது. வெடிக்கவில்லை, சிதறவில்லை. தூங்கும் குழந்தையின் வயிறு மூச்சு விடும்போது இறங்குமே, அந்த மாதிரி இறங்கி, செங்குத்தான கரையோடு ஒரு வட்டப் பள்ளம் நின்றது. தாஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அவ்வளவுதான் கால்டெரா. கீழ உருகின பாறை ஏரி மாதிரி தேங்கியிருக்கும். அது எங்கயாவது வழிஞ்சு போயிட்டா, தாங்க ஆள் இல்லாம கூரை உக்காந்துரும். திரும்ப நிரம்பும், திரும்பக் காலியாகும், திரும்ப உக்காரும். அதான் ஒண்ணுமேல ஒண்ணா வட்டம்" என்றார் மேடம்.

அன்று மதியம் பூராவும் நாங்கள் வேலையே செய்யவில்லை. மாவைக் குவிப்பதும் உட்கார வைப்பதுமாக இருந்தோம். மேடம் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊர் சொன்னார். சுமத்ராவில் டோபா என்று ஒரு ஏரி, அதுவே ஒரு கால்டெராதானாம். உட்கார்ந்த தரை மறுபடி மெல்ல எழும்பி, ஏரி நடுவில் தீவாக நிற்கிறதாம். வெள்ளிக் கிரகத்தில் மேகத்துக்கு அடியில் ஆழம் குறைவான அகலமான அண்டாக்கள், ரேடார் வைத்துத்தான் பார்க்க முடியும். வியாழனின் ஒரு நிலாவில் அண்டா நிறையக் குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை கிறுகிறுத்தது. இத்தனை நாள் நான் எந்த உலகத்தில் இருந்தேன் என்று இருந்தது.

"நம்ம அண்டா எவ்ளோ பெருசு மேடம்?" என்று தாஸ் கேட்டான்.

"மெஜஸ்டிக்ல பஸ் ஏறி கோலார் தாண்டிப் போற அகலம். ஆழம் மூணு கிலோமீட்டர்."

தாஸ் தாம்பாளத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். "எங்க மாமா கோலார் சுரங்கத்துல எறங்குவாரு மேடம். அதுவும் அவ்ளோ ஆழம்தான் சொல்லுவாரு. கூண்டுல ஏறி நின்னா எறங்கிக்கினே இருக்குமாம். அப்ப அவரு எறங்கின ஆழத்துக்கு, அவரு ஊரு வரைக்கும் அகலமா ஒரு குழி!"

"ஹௌது! அதேதான்" என்று மேடம் கைதட்டினார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஹோசூர் ரோடு பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இந்த ரோடு முழுக்க ஒரே பள்ளத்தின் தரை, அதோ அந்தக் கடைசியில் சுவர் என்று நினைத்துக்கொண்டே போனேன். மூன்று கிலோமீட்டர் உயரச் சுவர். காற்று கிடையாது என்றே சொல்லலாம், சத்தம் கிடையாது, பகலிலேயே வானம் மங்கிக் கிடக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய் ரொம்ப நேரமாகியிருந்தது. கண்டக்டர், "சந்தாபுரா வந்துருச்சு, யோவ், எங்கய்யா போவணும் நீ?" என்று கேட்டார். எங்கே போக வேண்டும் என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை.

3. எனக்குப் பள்ளம், தாஸுக்கு மேடு

மாடல் நாலடி வட்டம். அகலத்துக்கு என்ன அளவோ ஆழத்துக்கும் அதே அளவு, கொஞ்சமும் கூட்டக்கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பு. கணக்குப் பார்த்தால் ஆழம் இரண்டு விரல்கடைதான் வந்தது. ஜெயராம் சார் பார்த்துவிட்டு, "என்னய்யா, அண்டான்னு சொல்லிட்டு தாம்பாளம் செய்யறீங்க?" என்றார்.

முதலில் பிளாஸ்டரில் மாஸ்டரை, அதாவது மூல உருவத்தை, செதுக்க வேண்டும். அதன்மேல் ஃபைபர் ஏற்றி மோல்டு எடுத்து, அந்த மோல்டிலிருந்து கடைசிப் பீஸை வார்க்க வேண்டும். நாலடி வட்டத்தின் நடுவுக்கு ஒரு பக்கமிருந்தே கையை நீட்டி வேலை செய்தால் முதுகு போய்விடும். அதனால் எங்கள் வழக்கப்படி நான் மேசைக்கு இந்தப் பக்கம், தாஸ் அந்தப் பக்கம். ஆளுக்குப் பாதி. போட்டோவை இரண்டு பிரிண்ட் போட்டுக்கொண்டோம். அவனவன் பாதி அவனவன் நெஞ்சுக்கு நேராக இருக்கும்படி, அவனவன் பக்கம் ஒட்டிக்கொண்டோம். அபார்ட்மெண்ட் மாடல் எல்லாம் இப்படித்தான் செய்வோம். அதில் ஒரு வம்பும் வந்ததில்லை.

வெளிச் சுவருக்கு மேடம் அளவு கொடுத்திருந்தார். உள்ளே இருக்கிற சின்ன வட்டங்களுக்கு, "போட்டோவைப் பார்த்தா தெரியும்" என்று சொல்லிவிட்டு, கண் பரிசோதனைக்காகச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை. போன் செய்து கேட்க நம்பரும் கிடையாது.

நான் என் பக்கத்து வட்டங்களை ஒவ்வொன்றாகக் குடைந்துகொண்டே நடுவுக்கு வந்தேன். நடுவில் ஒரு வட்டம் பாதி என்னிடம், பாதி தாஸிடம். நிமிர்ந்து பார்த்தால், என் பாதி பள்ளம், அவன் பாதி மேடு. அவன் பக்கம் பூராவும் குட்டிக் குட்டி மேடுகளை ஏற்றி வைத்திருக்கிறான். அழகாக, வழுவழுவென்று, பங்களா சீலிங்கில் பூ வைத்த மாதிரி.

"டேய், இன்னாடா இது? குழியில போயி கொழுக்கட்டை புடிச்சு வெச்சிருக்க?"

"நீ ஏன் மச்சி குடையற? போட்டோல மேடா இருக்குது. டோபால நடுவுல எழும்பிச்சுன்னு மேடம் சொன்னாங்களே, அதான் இது."

"எங்கடா மேடு? பச்சப் புள்ளகூட சொல்லும் பள்ளம்னு!"

"உனுக்கு கண்ணாடி மாத்தணும் மச்சி. பில்குல், சுத்தமா மேடு."

அப்புறம் நடந்ததை இங்கே எழுத முடியாது. ஈஜிபுரா தெருவே கேட்டது. ஒரே படம், ஒரே நெகட்டிவ்வில் போட்ட பிரிண்ட். இவன் என்னைக் கிண்டல் செய்கிறான் என்றே நினைத்தேன். கடைசியில், "கொண்டா உன் போட்டோவ" என்று சுற்றிப் போய் அவன் பக்கம் நின்றேன்.

பார்த்தேன். மேடு. அத்தனையும் மேடு. கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. என் பிரிண்டையே எடுத்து வந்து அவன் பிரிண்டுக்குப் பக்கத்தில் அதே திசையில் வைத்தேன். இத்தனை நாள் நான் குடைந்த பள்ளங்களெல்லாம் என் கண்ணெதிரே மேலே எழும்பின. மெதுவாகத் திருப்பினேன். ஓர் இடத்தில் எல்லாம் தயங்கின மாதிரி இருந்து, சட்டென்று உள்ளே இறங்கின. இன்னும் திருப்பினேன், மறுபடி எழும்பின. செவ்வாய் கிரகமே என் கையில் மூச்சு விடுவது போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தேனோ, கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

காரணம் பிற்பாடு மேடம் சொன்னது. வெளிச்சம் மேலேயிருந்துதான் விழும் என்று நம் கண்ணுக்கு ஒரு பழக்கம். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் நிழலும் தலைகீழாகிவிடும், பள்ளம் மேடாகத் தோன்றும். ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம், என் கண்ணையும் நம்ப முடியாது, அவன் கண்ணையும் நம்ப முடியாது என்பதுதான். கை பொய் சொல்லக்கூடாது என்று ஒருவர் நம்மிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இங்கே பாதி மாடல் பொய். எந்தப் பாதி என்று தெரியவில்லை.

ஜெயராம் சார் வந்து பார்த்தார். "ஏதோ ஒண்ணு பண்ணுங்கப்பா. செவ்வாய்க்கு யாரு போயி பாக்கப் போறா?"

எனக்கு வந்ததே கோபம்! "அந்தம்மா போவாங்க சார். தெனமும் போறவங்க அவங்க" என்றேன். அவர் ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார்.

தாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து, பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு, அவன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்தான்.

"மச்சி, இங்க வா. இந்தப் பெரிய வெளிச் சுவர் இருக்குதே, அது என் பக்கத்துலேந்து பாத்தா இன்னா தெரியுது?"

பார்த்தேன். "அதுவும் மேடாட்டம்தான் தெரியுது. மேசை மாதிரி."

"எனுக்கும் மொதல்லேந்து அப்படித்தான் தெரிஞ்சுது. மேடம் பள்ளம்னு அளவு குடுத்துட்டாங்க, அதனால வெட்டிட்டேன். அது பள்ளம்னு நிச்சயம். நிச்சயமா பள்ளமா இருக்கிறதே என் பக்கத்துலேந்து மேடா தெரியுதுன்னா…" என்று நிறுத்தி, தன் மேடுகளைப் பார்த்தான். "சின்னதும் பள்ளம்தான். நான்தான் தப்பான பக்கத்துல உக்காந்துட்டேன்."

அவனே உளியை எடுத்தான். வாரக்கணக்கில் தடவித் தடவிச் செய்த மேடுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். நான் உதவிக்குப் போனேன். "நீ போய் டீ சொல்லு. இது என் பேஜாரு" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எனக்கு இதுவரை வாய்த்த தோழர்களிலேயே பெரிய மனுஷன் அவன்தான்.

4. உப்புத்தாள் போடாதீர்கள்

மேடம் சென்னையிலிருந்து திரும்பி வந்த அன்று ஒரு மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் முன்கூட்டியே தரையிலிருந்த பக்கெட்டையெல்லாம் எடுத்துவிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவர் பார்க்கிற குழாய் இன்னும் சின்னதாகிவிட்டது, மங்கலான இடத்தில் அதுவும் கிடையாது. இதை அவர் காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார். தாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வந்ததும், "எங்க அண்டா?" என்றுதான் கேட்டார். ஆனால் அதற்குள் மாஸ்டரின் மேல் ஃபைபரை ஏற்றிவிட்டோம். காய்கிற மோல்டைத் திறந்தால் எல்லாம் போச்சு. கரடுமுரடான முதுகுதான் மேலே தெரிந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, போட்டோவில் நடந்த கூத்தை நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரிய பெரிய ஆளுங்களும் இதுல விழுந்திருக்காங்க. நானும்தான்" என்று தாஸிடம் சொன்னார்.

கடைசிப் பீஸுக்கு ஃபினிஷ் எப்படி வேண்டும் என்று காட்ட, நாங்கள் சின்னச் சின்ன சாம்பிள் துண்டுகள் செய்து வைத்திருந்தோம். எங்கள் பட்டறையில் நல்ல வேலை என்றால் உப்புத்தாள் போட்டுப் போட்டு முகம் தெரிகிற மாதிரி ஆக்குவதுதான். மேடம் அந்த வழுவழுப்பான துண்டைத் தொட்டுவிட்டு ஒதுக்கினார்.

"சுவருக்கு உப்புத்தாளே போடாதீங்க, பழனியவ்ரே. அது உடைஞ்ச பாறை. விரல்ல குத்தணும். தரை மட்டும் மழமழன்னு இருக்கட்டும். அங்க குழம்பு ஆறி உறைஞ்சிருக்கு. ஆறும்போது சுருங்கி அங்கங்க மெல்லிசா மடிப்பு விட்டிருக்கும். ஒரு நூல் அளவு போதும்."

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, இது சுவர், இது தரை என்று எடுத்துவைத்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. மியூசியம் திறப்பு விழா நெருங்கிவிட்டது. வார்த்த பீஸ், அவர் சொன்னபடி சுவரையும் தரையையும் முடித்ததும், நேராக லாரியில் ஏறிவிட்டது. மேடம் அதைத் தொடவே இல்லை. "பரவாயில்ல. கேலரியில தொடுறேன்" என்று சொல்லியிருந்தார்.

5. கண்ணாடிப் பெட்டி

திறப்பு விழாவுக்கு நானும் தாஸும் இஸ்திரி போட்ட சட்டையில் போனோம். கேலரி உள்ளே இருட்டு. கிரகங்களுக்கெல்லாம் கிரகண வெளிச்சம் மாதிரி ஒரு சின்ன விளக்கு. நடந்துகொண்டே போனால் தரை எங்கே சுவர் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. மெல்லிய விசும்பல் போல எங்கிருந்தோ ஒரு காற்றுச் சத்தம் வைத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் நான் பெங்களூரில் இல்லை.

நடுவில் எங்கள் அண்டா. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. மேலே முழுசாக ஒரு அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் போர்டு.

மேடம் மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த இருட்டில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. கையை நீட்டினார். விரல்கள் வழுக்கிக்கொண்டு அக்ரிலிக்கில் முட்டி நின்றன. கொஞ்சம் இந்தப் பக்கம் தடவினார், கொஞ்சம் அந்தப் பக்கம். எங்கும் வழுவழு.

"மூடிட்டாங்களா?" என்றார்.

"ஆமா மேடம்."

"ம். அழுக்காகும்னு நினைச்சிருப்பாங்க. இருக்கட்டும் பழனியவ்ரே. மத்தவங்க பார்க்கட்டும். நல்லா வந்திருக்கா?"

அந்த "நல்லா வந்திருக்கா"வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால், சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. இப்படிக் கேட்கிறாரே! தாஸைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தான். எங்கே போனாலும் ஒன்று வைத்திருப்பான்.

நான் அதை வாங்கித் திருகி, முதல் ஸ்க்ரூ வெளியே வருவதற்குள் மியூசியம் அதிகாரி ஓடிவந்தார். "ஏய், யாருய்யா நீ? என்ன பண்ற? சீஃப் கெஸ்ட் உள்ள வராரு!"

"செஞ்சவன் சார்."

"செஞ்சா? செஞ்சவன்னா கழட்டலாமா? செக்யூரிட்டி!"

ஜெயராம் சார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பழனி, வேணாம்பா. அடுத்த கேலரி ஆர்டரும் இவங்ககிட்டதான்பா இருக்கு." தாஸ் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றான். அவன் உடம்பு கதவு அகலம். நான் மிச்ச ஸ்க்ரூக்களையும் எடுத்தேன். "சார், இது பாக்க செஞ்சதில்ல. தொட செஞ்சது. தொட்டு தேஞ்சுபோனா சொல்லி அனுப்புங்க, மோல்டு இருக்கு, வேற வாத்துத் தரேன். ஆயிசு பூரா வாத்துத் தரேன்" என்றேன். அக்ரிலிக் பெட்டியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

அதிகாரி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேடத்தின் கை விளிம்பைத் தொட்டுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த அதிகாரி அப்படியே நின்றுவிட்டார்.

மேடம் அவசரப்படவில்லை. வெளிக்கரை முழுக்க இரண்டு கையாலும் ஒரு சுற்று வந்தார். பிறகு ஒரு கை மட்டும் சுவரில் இறங்கியது. உடைந்த பாறை விரலில் குத்த, "ஹௌது" என்றார் மெதுவாக. தரைக்கு வந்தது கை. ஒரு நூல் மடிப்பில் நின்றது. "ஹௌது, ஹௌது." ஒரு சின்னப் பள்ளம், அதை வெட்டிக்கொண்டு இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தாஸ் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவில் இருந்த அந்த வட்டத்தில் கை சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியதை அவர் துடைக்கவில்லை. பதினைந்து வருஷம் போட்டோவில் பார்த்த இடத்துக்கு அன்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பின்னால் நின்ற கூட்டம் சத்தம் போடாமல் வரிசையாகி நின்றது.

"பழனியவ்ரே, கையைக் கொடுங்க" என்றார்.

"எனக்கெதுக்கு மேடம்? நான் செஞ்சதுதானே."

"செஞ்சீங்க. போயிருக்கீங்களா?"

என் மணிக்கட்டைப் பிடித்து விளிம்பில் வைத்தார். "கண்ணை மூடுங்க. கரை செங்குத்து, மெதுவா இறங்குங்க."

மூடினேன். இத்தனை மாசம் அதைக் கண்ணால்தான் பார்த்தேன், காலிப்பரால் அளந்தேன், உளியால் தொட்டேன். வெறும் விரலால், இருட்டில், ஒரு தடவைகூட இல்லை. விரல் விளிம்பைத் தாண்டியதும் அடியில் ஒன்றும் இல்லை. சுவர் குத்தியது. இரண்டு விரல்கடை ஆழம்தான், நானே கணக்குப் போட்டது. ஆனாலும் விரல் இறங்கிக்கொண்டே இருந்தது. தரைக்கு வந்தபோது குளிர்ந்த மழமழப்பு. கேலரியின் காற்றுச் சத்தம் ரொம்பத் தூரத்தில் கேட்டது. விரலை மெல்ல நகர்த்தினேன். நகர்த்திக்கொண்டே போனேன்.

"எதிர்ச் சுவர் வந்துச்சா?" என்று மேடத்தின் குரல் கேட்டது.

"இன்னும் வரல மேடம்" என்றேன்.

அந்தப் பெட்டியை அவர்கள் மறுபடி மாட்டவில்லை. மாட்டியிருந்தால் மறுபடி கழற்றியிருப்பேன், அது வேறு விஷயம். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். அளவெல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து நிமிர்கிறீர்களே, அப்போது உளியைக் கீழே வையுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், செய்த இடத்துக்குள் வெறும் கையோடு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். அப்படிப் போய் வராமல் அதற்குப்பிறகு ஒரு மாடலையும் நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியதில்லை.